வகுப்பறை வாசலில் நிற்கும் குறும்படங்கள்

புதுதில்லி: 2016-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி. தில்லி விஞ்ஞான் பவனில் 63-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கும் விழா. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி விருதுகளை வழங்கினார். சிறந்த படமாகத் தேர்வான "பாகுபலி", சிறந்த நடிகராகத் தேர்வான அமிதாப் பச்சன் என நாட்டின் கவனம் நட்சத்திரங்கள் மீதே குவிந்திருந்தது. அதே பட்டியலில், முழுநீளக் கதைப்படம் அல்லாத பிரிவில், அறிமுக இயக்குநருக்கான விருதைப் பெற்றது "தாரவட்டா" என்னும் மராத்தியக் குறும்படம். இயக்கியவர் நிஷாந்த் ராய் பொம்பார்டே.

"தாரவட்டா" என்றால் வாசற்படி. எது ஆணுக்கு உரியது, எது பெண்ணுக்கு உரியது என்று முன்கூட்டியே வகுத்து வைத்துவிட்ட ஒரு சமூகத்தில், குழந்தைப் பருவத்தைக் கடக்கும் ஒரு சிறுவன் "நான் யார்?" என்று தேடுவதே கதை. அந்தத் தேடலை இந்திய அரசு தேசிய மேடையில் ஏற்றிப் பாராட்டியது.

அதே நாளில், அந்தச் சிறுவன் வளர்ந்து ஆளாகித் தன் விருப்பப்படி வாழ முற்பட்டால் அவனைக் குற்றவாளியாகக் கருதக்கூடிய சட்டமும் நடைமுறையில் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை 2009 ஜூலை 2-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, பழைய நிலையை மீட்டது. விருது விழாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 2016 பிப்ரவரி 2-ஆம் தேதி, இதற்கு எதிரான சீராய்வுக்குப் பிந்தைய குறைதீர் மனுக்கள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டிருந்தன.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு, வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை. சட்டம் ஒதுங்கிக் கொண்டது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரின் வளரிளம் பருவத்தைப் பற்றி உலகெங்கும் எடுக்கப்படும் குறும்படங்களின் களம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் இப்படங்கள் ஏன் நுழைய முடியவில்லை?

ஏன் குறும்படம்?

முழுநீளத் திரைப்படத்துக்கு முதலீட்டாளர் வேண்டும்; விநியோகஸ்தர் வேண்டும்; திரையரங்கு வேண்டும். இவர்களில் ஒருவர் தயங்கினாலும் படம் நின்றுவிடும். குறும்படத்துக்கு இந்தத் தயவுகள் குறைவாகவே தேவைப்படுகின்றன. நண்பர்களின் நன்கொடை, மாணவர்களின் உழைப்பு, இரவல் ஒளிப்படக் கருவி ஆகியவற்றைக் கொண்டே எடுத்து முடித்துவிடலாம். சட்டமும் சந்தையும் ஒருசேர முகம் திருப்பிக்கொள்ளும் விஷயங்கள் குறும்படமாகவே முதலில் வெளிவருவதற்கு இதுவே காரணம்.

மற்றொரு காரணம் கதையின் இயல்பில் இருக்கிறது. தன்னை அறிதல் என்பது வளரிளம் பருவத்தில் ஒரு நீண்ட போராட்டமாக வெளியே தெரிவதில்லை. ஒரு பார்வை, ஒரு தொடுகை, உடன் படிப்பவர் ஒருவரின் பெயரைக் கேட்டதும் எழும் படபடப்பு என்று சில கணங்களில் அது தலைகாட்டி மறைந்துவிடுகிறது. அந்தக் கணத்தைப் பிடிக்க எட்டு நிமிடம் போதும். டென்மார்க் இயக்குநர் சோரன் கிரீன் 2014-இல் எடுத்த "ஒரு பிற்பகல்" என்ற படத்தில் நண்பர்களான இரு சிறுவர்கள் ஒரு பிற்பகலைச் சேர்ந்து கழிக்கின்றனர். அவர்களில் ஒருவன் தன் மனத்தில் உள்ளதை மற்றவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிறான். சொல்வானா, மாட்டானா என்பதுதான் மொத்தக் கதையும்.

பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும் இணைந்து 2015-இல் தொடங்கிய இணையவழிக் குறும்பட விழாவின் முதல் ஐந்து படங்களில் இதுவும் ஒன்று. லண்டனில் பால்புதுமையினர் திரைப்பட விழா நடைபெறும் மார்ச் மாதத்தில், ஐந்து குறும்படங்களை உலகில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பதே இந்த ஏற்பாடு. அந்த ஆண்டில் இந்தியாவில் 377-ஆவது பிரிவு முழு அளவில் நடைமுறையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கண்ணீரில் தொடங்கிய வரலாறு

இந்த வகைப் படங்களில் உலகளவில் முதலில் பெரும் கவனம் பெற்றது "டிரெவர்". பெக்கி ராஜ்ஸ்கி இயக்கிய இந்த அமெரிக்கக் குறும்படம் 1994-இல் வெளியானது. 1995-இல் ஆஸ்கர் விருதை மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. கதை நிகழும் காலம் 1981. டிரெவருக்கு வயது 13. பாடகி டயானா ராஸ் என்றால் அவனுக்கு உயிர். வகுப்புத் தோழன் ஒருவன் மீது அவனுக்கு ஈர்ப்பு ஏற்படுகிறது. செய்தி பள்ளியில் பரவுகிறது. நண்பர்கள் விலகுகின்றனர். பெற்றோர் அவனைப் பாதிரியாரிடம் அனுப்புகின்றனர். தன் வாழ்வை முடித்துக்கொள்ள முயலும் சிறுவன் காப்பாற்றப்படுகிறான். மருத்துவமனையில் அன்போடு பேசும் ஓர் இளைஞன் அவனுக்கு மீண்டும் வாழ்வின் மீது பிடிப்பை ஏற்படுத்துகிறான்.

இவ்வளவையும் படம் நகைச்சுவையோடு சொல்கிறது என்பதுதான் வியப்பு. சிறுவன் தன் நாட்குறிப்பில் எழுதும் குரலிலேயே கதை நகர்வதால், அவனைச் சுற்றியுள்ள பெரியவர்களின் அறியாமை பார்ப்பவருக்குச் சிரிப்பையும், சற்று நேரத்தில் குற்ற உணர்வையும் ஒருசேர ஏற்படுத்துகிறது.

படத்தின் கதையைக் காட்டிலும் படத்துக்குப் பின் நடந்ததே முக்கியமானது. 1998-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இப்படத்தை ஒளிபரப்ப முடிவு செய்தபோது, படத்தைத் தயாரித்தவர்களுக்கு ஓர் அச்சம் எழுந்தது. டிரெவரைப் போன்ற சிறுவர்கள் வீட்டில் தனியாக அமர்ந்து இதைப் பார்த்தால், அதன் பிறகு யாரிடம் பேசுவார்கள்? தேடிப் பார்த்தபோது, அத்தகைய இளைஞர்களுக்கென 24 மணி நேரமும் இயங்கும் தொலைபேசி உதவி மையம் நாட்டில் இல்லை என்பது தெரியவந்தது. அவர்களே ஒன்றைத் தொடங்கினர். "டிரெவர் புராஜெக்ட்" என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. திரையில் ஒரு குழந்தையின் தனிமையைக் காட்டினால் மட்டும் போதாது, மறுமுனையில் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதை இத்துறையினர் உணர்ந்த தருணம் அது.

சொல்லாமல் சொல்லும் மொழி

2010-க்குப் பிறகு வந்த படங்களில் இந்தத் துயரம் குறைந்து, வேறொரு தொனி வரத் தொடங்கியது. பிரேசில் இயக்குநர் டேனியல் ரிபெய்ரோவின் "நான் தனியாகத் திரும்ப விரும்பவில்லை" (2010) என்ற 17 நிமிடப் படம் அதற்கு நல்ல சான்று. அதன் நாயகன் லியோனார்டோ பார்வையற்ற மாணவன். பள்ளி முடிந்ததும் தோழி ஜியோவானா தினமும் அவனை வீடுவரை கொண்டுவந்து விடுகிறாள். வகுப்பில் புதிதாகச் சேரும் கேப்ரியல் என்னும் மாணவன் இவர்களோடு நடக்கத் தொடங்குகிறான். ஒருநாள் கேப்ரியல் தன் மேலாடையை லியோனார்டோவின் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போகிறான்.

ஆண், பெண் என்ற வேறுபாட்டைக் கண்ணால் ஒருபோதும் கண்டிராத ஒரு சிறுவனுக்கு ஈர்ப்பு எவ்வாறு எழுகிறது? யாரைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டான்? "சினிமாவையும் பிறரையும் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர்" என்ற வாதத்துக்கு இயக்குநர் ஒரு வசனமும் இன்றி விடை கூறிவிடுகிறார். இக்கதை 2014-இல் முழுநீளப் படமாக விரிவாக்கப்பட்டு, பெர்லின் திரைப்பட விழாவில் டெடி விருது பெற்றது.

அமெரிக்காவின் ரிங்லிங் கலைக் கல்லூரி மாணவர்கள் எஸ்தபான் பிராவோ, பெத் டேவிட் இருவரும் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கிய "இன் எ ஹார்ட்பீட்" (2017) நான்கு நிமிட அசைவூட்டப் படம். இதில் வசனமே இல்லை. கூச்ச சுபாவமுள்ள ஒரு பள்ளிச் சிறுவனின் இதயம் மார்பிலிருந்து துள்ளி வெளியே குதித்து, அவனுக்குப் பிடித்த மாணவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அதைப் பிடித்து மறைக்க அவன் படும் பாடுதான் படம். பள்ளியின் உள்ளே மற்ற மாணவர்களின் பார்வை அவர்கள் மீது விழும்போது இதயம் இரண்டாக உடைகிறது. யூடியூபில் வெளியான இப்படம் வெகு விரைவில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. எந்த மொழியினரும் மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொண்டதே அதன் வெற்றிக்குக் காரணம்.

டிரெவர் 1994-இல் மருத்துவமனைப் படுக்கை வரை சென்றான். 2017-இன் சிறுவன் உடைந்த பாதி இதயத்தோடு பள்ளியை விட்டு ஓடினாலும், மறுபாதியை எடுத்துக்கொண்டு மற்றவன் அவனைத் தேடி வருகிறான். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் மாறியது திரைப்பட உத்தி மட்டுமன்று. பழைய படங்களில் "எனக்கு என்ன கோளாறு?" என்று குழந்தை தன்னையே கேட்டுக்கொண்டது. புதிய படங்கள் "இந்தக் குழந்தையோடு யார் நிற்கப்போகிறீர்கள்?" என்று பார்ப்பவரைக் கேட்கின்றன.

வீட்டுக்குள் ஒரு விசாரணை

எல்லா நாடுகளிலும் கதை இவ்வளவு இனிதாக முடிவதில்லை. சீன இயக்குநர் ஹுவாங் ஷூலி, தன் சொந்த ஊரான வென்சூவுக்குத் திரும்பிச் சென்று பழைய வகைப் படச்சுருளில் எடுத்த "என்னைப் பார்ப்பாயா?" (2022) என்ற 20 நிமிடப் படம் கான் விழாவில் பால்புதுமையினர் குறும்படப் பிரிவின் விருதைப் பெற்றது. திரையில் குடும்பத்தின் அன்றாடக் காட்சிகள்; பின்னணியில் தாய்க்கும் மகனுக்கும் இடையிலான உரையாடல். மகன் ஏற்பை வேண்டுகிறான். தாயின் பேச்சில் கோபம், அவமானம், உறவினர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம், இவற்றுக்கு அடியில் பாசம் ஆகிய அனைத்தும் கலந்திருக்கின்றன. இந்தியக் குடும்பம் எதற்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

அமெரிக்காவின் கறுப்பின இயக்குநர் டீ ரீஸ் 2007-இல் எடுத்த "பரையா" என்ற குறும்படமும் வீட்டையே களமாகக் கொண்டது. புரூக்ளினைச் சேர்ந்த பதின்பருவப் பெண் ஒருத்தி, நண்பர்களுக்கு ஒரு முகமும் வீட்டுக்கு ஒரு முகமுமாக வாழ்கிறாள். 2011-இல் இது முழுநீளப் படமாக விரிந்தபோது, பேருந்தில் வீடு திரும்பும் வழியிலேயே அவள் தன் உடையை மாற்றிக்கொண்டு, பெற்றோர் எதிர்பார்க்கும் மகளாக இறங்கும் காட்சி பலராலும் பேசப்பட்டது. தென்னிந்தியாவின் சாதிப் பெயரொன்று ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் புகுந்து, கடல் கடந்து ஒரு படத்தின் தலைப்பாகியிருக்கிறது என்பதும் தமிழ் வாசகர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று.

கென்யாவில் "எங்கள் வாழ்வின் கதைகள்" (2014) என்ற தலைப்பில் ஐந்து கறுப்பு-வெள்ளைக் குறும்படங்களின் தொகுப்பு வெளிவந்தது. நெஸ்ட் கலெக்டிவ் என்ற கலைஞர் குழு நாடெங்கும் திரட்டிய உண்மை அனுபவங்களே கதைகள். அவற்றுள் ஒன்று, பள்ளி மாணவிகள் இருவர் நெருங்குவதையும் பள்ளி நிர்வாகம் அவர்களைப் பிரிப்பதையும் சொல்கிறது. டொரண்டோ விழாவில் முதலில் திரையிடப்பட்டபோது, பாதுகாப்புக் கருதிப் படைப்பாளிகள் தங்கள் பெயர்களை மறைக்க நேர்ந்தது. கென்யத் தணிக்கை வாரியம் படத்தைத் தடை செய்தது. நிர்வாகத் தயாரிப்பாளர் கைது செய்யப்பட்டு, பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பெர்லினில் அதே படத்துக்கு டெடி நடுவர் குழு விருது கிடைத்தது. சொந்த நாட்டில் தடை, வெளிநாட்டில் விருது என்ற இந்த நிலை இந்தியப் படைப்பாளிகளுக்கும் பழகிய ஒன்றே.

இந்தியாவின் வழி

ஸ்ரீதர் ரங்கையன் இயக்கிய "குலாபி ஆயினா" என்ற 40 நிமிடப் படம் இதற்குச் சான்று. பெண் வேடமிடும் கலைஞர்கள் இருவரையும் பதின்பருவத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனையும் சுற்றி நடக்கும் இந்த நகைச்சுவைப் படத்துக்கு, ஆபாசமானது, புண்படுத்தக் கூடியது என்று கூறி 2003-இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. வெளிநாட்டு விழாக்களில் இப்படம் வலம் வந்தது.

தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, 2010-இல், அதே ரங்கையன் மும்பையில் "கஷிஷ்" திரைப்பட விழாவைத் தொடங்கினார். மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சகத்தின் அனுமதியோடு வழக்கமான திரையரங்கில் நடைபெற்ற முதல் பால்புதுமையினர் திரைப்பட விழா இதுவே. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டப்படும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. திரைப்பட விழாக்களுக்கு மட்டும் அமைச்சகம் விலக்கு அளிக்கலாம். அந்த விலக்கின் வழியாகவே உலகின் பல நாட்டுக் குறும்படங்கள் இந்தியப் பார்வையாளர்களை அடைந்தன. கொல்கத்தா, பெங்களூரு, தில்லி, சென்னை ஆகிய நகரங்களிலும் தன்னார்வலர்களின் முயற்சியால் இத்தகைய விழாக்கள் நடைபெற்றுள்ளன.

உலகப் படங்களோடு ஒப்பிடும்போது, இந்தியக் குறும்படங்கள் ஒரு முக்கிய விஷயத்தில் வேறுபடுகின்றன. மேலை நாட்டுப் படங்களில் உச்சக்காட்சி பெரும்பாலும் ஓர் அறிவிப்பு. "நான் இப்படித்தான்" என்று நாயகன் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். இந்தியாவில் கதை அங்கே முடிவதில்லை. சொன்ன பிறகு கல்யாணப் பேச்சு இருக்கிறது, சாதி இருக்கிறது, கூட்டுக் குடும்பத்தில் ஓர் அறைகூடத் தனக்கென இல்லாத நிலை இருக்கிறது.

ஃபராஸ் ஆரிஃப் அன்சாரியின் "சிஸக்" (2017) பதினைந்து நிமிடம் ஓடும் பேச்சற்ற படம். மும்பைப் புறநகர் மின்ரயிலில் இரவு நேரப் பயணம் செய்யும் இரு ஆண்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர், பேசுவதில்லை. 377-ஆவது பிரிவு உயிரோடு இருந்த காலத்தில் வந்த படத்தில் மௌனம் வெறும் கலை உத்தி அன்று. பேசினால் ஆபத்து என்ற நிலையின் பதிவு அது.

ரோகன் கனவடேயின் "உ உஷாச்சா" (2019) இன்னும் ஆழமானது. உஷா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய். உள்ளூர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியை மீது அவருக்கு ஈர்ப்பு ஏற்படுகிறது. அந்த ஈர்ப்பே எழுத்துக் கற்க வேண்டும் என்ற ஆவலையும் தூண்டுகிறது. தன் பெயரின் முதல் எழுத்தை அறிவதும் தன் மனத்தை அறிவதும் அவருக்கு ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. தன்னை அறியும் பருவம் பதினாறு வயதில் மட்டுமே வரும் என்பதில்லை, இளமையில் பள்ளி வாய்க்காதவர்க்கு அது நடுவயதிலும் வரலாம் என்பதை மராத்திய மண்ணின் மொழியில் சொன்ன படம் அது. கல்வியையும் வர்க்கத்தையும் விட்டுவிட்டு ஈர்ப்பை மட்டும் தனியே பேசும் படங்களுக்கு நடுவே இதன் இடம் தனியானது.

குறும்படங்கள் வழியே வளர்ந்த கனவடேயின் முதல் முழுநீளப் படமான "சாபர் போண்ட", 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்படப் பிரிவின் தலைசிறந்த நடுவர் விருதை வென்றது. தந்தையின் மறைவுக்குப் பின் பத்து நாள் துக்கம் காக்கச் சொந்தக் கிராமத்துக்கு வரும் நகரத்து இளைஞனுக்கும், அவனுடைய இளமைக்கால நண்பனான விவசாயிக்கும் இடையில் மலரும் உறவே கதை. துக்க வீட்டிலும் உறவினர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கின்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளிலும் படம் வெளியானது.

வகுப்பறையின் மூடிய கதவு

விருதுகளும் விழாக்களும் ஒருபுறம் இருக்க, இப்படங்கள் யாரைப் பற்றியனவோ அவர்களை அடைகின்றனவா என்பதே அடிப்படைக் கேள்வி. விழாக்கள் பெருநகரங்களில் நடக்கின்றன. ஆங்கிலத் துணைத் தலைப்புகளோடு, வயது வந்தோரின் கூட்டமாகவே பெரும்பாலும் நடக்கின்றன. மாவட்டத் தலைநகரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவருக்கு எஞ்சியிருப்பது கைப்பேசி மட்டுமே. அதில் நல்ல குறும்படமும் கிடைக்கும். இழிவுபடுத்தும் கேலிக் காணொளியும், ஆபாசப் படமும் கிடைக்கும். எது எது என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

பள்ளியில் இதுபற்றிப் பேச முற்பட்ட போதெல்லாம் பின்வாங்கலே நிகழ்ந்திருக்கிறது. 2007-இல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. 2021 நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் அரவணைத்துக்கொள்வது குறித்து ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை என்சிஇஆர்டி தன் இணையதளத்தில் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்தது, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. சில நாட்களிலேயே கையேடு இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. அது மாணவர்களுக்கான பாடநூலன்று, ஆசிரியர்களுக்கான கையேடு என்பது குறிப்பிடத்தக்கது.

இதைக் கண்டித்துக் குரல் எழுந்த இடம் தமிழகம். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் பாதுகாப்புக் கோரித் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார். பாலின ஈர்ப்பை மாற்றுவதாகக் கூறும் "சிகிச்சை"களுக்குத் தடை, காவல்துறைக்கும் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் விழிப்புணர்வு ஆகியவை அதில் அடங்கும். என்சிஇஆர்டி கையேடு அவசரமாக அகற்றப்பட்டதற்கும் அதே நீதிமன்றம் அதிருப்தி தெரிவித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் தொகுப்பை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது.

2025 செப்டம்பரில் இதே பிரச்னை உச்ச நீதிமன்றத்தை எட்டியது. திருநர் குறித்த பாடங்களைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கோரிய மனு மீது மத்திய அரசு, என்சிஇஆர்டி, சில மாநில அரசுகள் ஆகியவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. மனுவைத் தாக்கல் செய்தவர் 12-ஆம் வகுப்பு மாணவர் என்பது கவனிக்கத்தக்கது. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி திருநரின் உரிமைகளை உறுதி செய்து உச்ச நீதிமன்றமே வழங்கிய தீர்ப்பு, 11 ஆண்டுகள் கடந்தும் பாடநூலை எட்டவில்லை என்பதே அம்மாணவரின் வாதம்.

இந்தியா மட்டும் இப்படி என்று சொல்வதற்கில்லை. பிரேசிலில் பள்ளிகளுக்கென அரசு தயாரித்த விழிப்புணர்வுத் தொகுப்பை, மதவாத உறுப்பினர்களின் நெருக்குதலால் 2011 மே மாதம் அதிபர் தில்மா ரூசெஃப் நிறுத்தி வைத்தார். அதே ஆண்டு அந்நாட்டின் ஆக்ரி மாநிலத்தில், பார்வையற்ற மாணவனைப் பற்றிய ரிபெய்ரோவின் குறும்படம் பள்ளியில் காட்டப்பட்டதும் எதிர்ப்பு எழுந்து, திரையிடல் திட்டமே நிறுத்தப்பட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றிய படம் பள்ளிக்கூடத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது.

பெற்றோரின் அச்சம்

எதிர்ப்போர் அனைவரையும் பிற்போக்கானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. "வயதுக்கு மீறிய விஷயங்களைக் குழந்தைகளிடம் ஏன் பேச வேண்டும்?" என்ற பெற்றோரின் கவலை உண்மையானது. எதைக் காட்டலாம், எந்த வயதில் காட்டலாம், யார் உடனிருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும்.

ஆனால் இப்படங்களைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மறந்து வைத்த மேலாடை, மார்பிலிருந்து குதித்த இதயம், பாடகியின் மீது கொண்ட பித்து, பலகையில் எழுதிய ஓர் எழுத்து ஆகியவற்றைத் தவிர இவற்றில் குழந்தைகளிடமிருந்து மறைக்க வேண்டியது அநேகமாக ஏதுமில்லை. வணிகப் படங்களின் பாடல் காட்சிகளைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் நாட்டில், இவை "வயதுக்கு மீறியவை" ஆவது காட்சியினால் அன்று. நாயகனுக்கு யார் மீது அன்பு என்பதனால். 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 வயது என்று தனித்தனிப் பிரிவுகள் வந்துவிட்டன. வயதுக்கேற்ற படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான சட்ட வழி இன்று இருக்கிறது.

பேசாமல் இருப்பதால் குழந்தைகள் பாதுகாக்கப்படுகின்றனர் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வகுப்பில் இந்தச் சொற்கள் ஏற்கெனவே ஒலிக்கின்றன; வசைச் சொற்களாக ஒலிக்கின்றன. நடையைக் கேலி செய்வதும், குரலைப் பழிப்பதும், கழிவறையில் வழிமறிப்பதும் பாடத்திட்டத்தில் இல்லாமலேயே நடக்கின்றன. ஆசிரியர் மட்டுமே அதுபற்றிப் பேசுவதில்லை.

சட்டம் தன் பணியில் ஒரு பகுதியைச் செய்திருக்கிறது. 2018-இல் தீர்ப்பளித்த அமர்வில் இருந்த நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இம்மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக வரலாறு அவர்களிடம் மன்னிப்புக் கோரக் கடமைப்பட்டுள்ளது என்று குறிப்பிட்டார். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்த உச்ச நீதிமன்றம், அதை நாடாளுமன்றத்தின் முடிவுக்கு விட்டது. வயது வந்தோரின் உரிமை பற்றிய அந்த விவாதம் தொடரும். அதற்கும் முன்பாக, பதின்மூன்று வயதில் தன்னைக் கண்டு தானே அஞ்சும் குழந்தையின் பிரச்னை இருக்கிறது. அது நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கக் கூடியதன்று.

டிரெவரின் கதையை ஒளிபரப்பும் முன், அதைப் பார்க்கப்போகும் சிறுவனைப் பற்றி அப்படத்தின் தயாரிப்பாளர்கள் யோசித்தனர். தமக்குத் தெரியாது என்று ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்ள அமர்ந்தார். இரு நிகழ்வுகளிலும் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் பெரியவர்கள். "தாரவட்டா"வின் சிறுவனுக்கு விருது வழங்கிய அரசு, அவனையொத்த மாணவர்கள் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் கையில் ஒரு கையேட்டைக் கொடுப்பதற்கு இன்னும் தயங்குகிறது.